வால்நட்சத்திரத்தின் வால்

சாலிடர் புகையை ஒரு பக்கமாக ஊதித் தள்ளிவிட்டு, "நீ படிம்மா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் பெட்டிக்காரர்.

அவள் கடிதத்தைப் பிரித்தாள். அவர் செய்யும் மின்னணு இசைக்கருவிகளுக்கு இரண்டு மொழிகளில் விளக்கத்தாள் எழுதுவதும், வேற்றுமொழிக் கடிதங்களை அவருக்குப் படித்துச் சொல்லிப் பதில் எழுதுவதும் அவள் வேலை. வாரத்தில் மூன்று நாள் வருவாள். 'எழுத்தம்மா' என்பது அவர் வைத்த பெயர்.

நாடகங்களுக்கு இசையமைக்கும் ஒருவர் எழுதியிருந்தார். "'உங்கள் எதிரொலிப் பெட்டி வால்நட்சத்திரம் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஒரு சந்தேகம். இப்படிப்பட்ட கருவிகளுக்கு எல்லோருமே ஏன் விண்வெளிப் பெயராகவே வைக்கிறீர்கள்? என் அலமாரியில் ஏற்கெனவே ஒரு நிலாவும் இரண்டு சூரியனும் இருக்கின்றன.'"

"இதைக் கேக்காத ஆளே கிடையாது. எழுதிக்கோ." நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடியோடு அவர் நிமிர்ந்தார். "மேளத்துக்குத் தோல் இருக்கு. குழலுக்குத் தொளை இருக்கு. இதுக்கு என்ன இருக்கு? ஒரு தகர டப்பா, நாலு திருகு. உன் சத்தம் எங்கேருந்து வருதுன்னு கேட்டா அது எந்த ஊரைக் காட்டும்? மேலதான் கையைக் காட்டும்."

"ஆனா சார், அங்க காத்தே இல்லையே. ஒரு சத்தமும் கேக்காதுன்னு ஸ்கூல்ல படிச்சோம்."

"அதாம்மா நமக்கு வசதி! காலி மனை. என்ன வேணும்னாலும் கட்டிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வரமாட்டான். நிலா இப்படியா கத்தும்னு கேக்கறதுக்கு எவன் போய்க் காதை வச்சுட்டு வந்தான்?"

அவள் சிரித்துக்கொண்டே அடுத்த பத்திக்குப் போனாள். "'எனக்கு மிகவும் பிடித்தது, எதிரொலி அடங்கும்போது அதன் பின்னால் ஊசிபோல நீண்டு போகும் அந்தக் கீச்சொலி. விளக்கத்தாளில் வால் என்று எழுதியிருப்பது அதைத்தானே? அதை எப்படிச் செய்தீர்கள்?'"

அவர் சாலிடர் இரும்பைத் தாங்கியில் வைத்தார். "எந்த ஊசி?"

"கடைசில வர்றது சார்."

"கடைசில என்ன வருது?"

"கொசு மாதிரி... மெல்லிசா."

"நீ கேட்டிருக்கியா?"

"முதல் நாள்லேருந்தே கேக்குது சார்."

"அப்பறம் ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் கடிதத்தின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். "வால்நட்சத்திரம்னு பேர் வச்சிருந்தீங்க. அதோட வால்னு நெனச்சேன். வேணும்னுதான் வச்சிருக்கீங்கன்னு நெனச்சு அப்படியே எழுதிட்டேன்."

"நீ எழுதினதைப் படிச்சேன். பேருக்குப் பொருத்தமா நீ என்னமோ கவிதை எழுதியிருக்கேன்னு நெனச்சுட்டேன்." அவர் இரும்பை மறுபடி கையில் எடுத்தார். எதையும் ஒட்டவில்லை. "பதிலை அப்பறம் எழுதலாம்."

அதற்குள் பதினோரு வால்நட்சத்திரங்கள் வெளியே போயிருந்தன. பதினொன்றிலும் அந்தக் கீச்சொலி இருந்தது. செய்தவருக்கு மட்டும் அது கேட்கவில்லை.

பெட்டிக்காரருக்குக் காதுதான் பெருமை. இந்தத் தொழிலுக்கு வருமுன் பத்தொன்பது வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர். "உள்ள மாட்டிக்கிட்டவன் கத்தற கத்துலயே எந்த மாடின்னு சொல்லிடுவேன்" என்பார். சத்தத்தை அளக்கும் கருவி ஒன்று அவரிடம் உண்டு. அது ஜன்னல் காற்றில் தாள் பறக்காமலிருக்கப் பயன்படுகிறது. "அதுக்கு பேட்டரி போட்டாத்தான் புத்தி வரும்" என்பது அதைப் பற்றிய அவருடைய அபிப்பிராயம்.

தண்ணீர்ப் பம்பு பழுதுபார்க்கும் பட்டறையின் மேல்தளத்தில் இரண்டு அறைகள் அவருடையவை. முன்னறையில் மேசை, பின்னறையில் அட்டைப் பெட்டிகள். திருகுகள் பால்மாவு டின்களில் அளவுவாரியாகக் கிடக்கும். வேலை செய்யும்போது மின்தடைகளோடு பேசுவார். "வாடா ராஜா, கால மடக்கு" என்று ஒன்றைக் கொஞ்சி உட்கார வைப்பார். சரியாக உட்காராததை "நீ உங்கப்பன் மாதிரியே இருக்கே" என்று திட்டித் தனியே போடுவார். சாலிடர் தெறித்துத் தெறித்து அவர் சட்டைகளிலெல்லாம் பொடிப் பொடியாக ஓட்டை. அவர் மனைவி ஒருமுறை அப்படி ஒரு சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, "இங்கயே இத்தனை நட்சத்திரம் இருக்கு, இவர் வெளிய போய்த் தேடறார்" என்றாள்.

அந்த அம்மாள் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். "நானும் டப்பாவுல பேரு ஒட்டறவதான் கண்ணு. ஆனா நான் ஒட்டற பேருக்குள்ள அந்த ஆள் ரத்தம் இருக்கும்" என்பாள். எரிகல், முழுக் கிரகணம், சாயங்கால வெள்ளி என்று கணவர் வரிசையாகப் பெயர் வைத்தபோதெல்லாம் பேசாமல் இருந்தவள், சனிக்கு மட்டும் தடை போட்டுவிட்டாள். "வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு, போதும்." அன்று அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

ஒரு கருவிக்குப் பெயர் வைக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. கீழே பட்டறையில் காலையிலிருந்து ஓயாமல் சுத்தியல் அடிக்கும். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்காக நிற்கும். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் முடிந்த கருவியைச் சோதிப்பார். கண்ணை மூடி, பஸ்ஸை நிறுத்துபவர் போலக் கையைத் தூக்கிக்கொண்டு உட்காருவார். ஒலி அடங்க அடங்கக் கையும் மெல்ல இறங்கும். முழங்காலைத் தொட்டதும், "அடங்கிட்டான்" என்று கண்ணைத் திறப்பார். அதற்குப் பிறகுதான் பெயர். பெயர் இல்லாமல் எதுவும் படி இறங்கியதில்லை.

வால்நட்சத்திரத்தைச் சோதித்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கை முழங்காலுக்கு வந்துவிட்டது. கீச்சொலி இன்னும் போய்க்கொண்டிருந்தது. பெயரைக் கேட்டதும் அவளுக்கு எல்லாம் பொருந்திவிட்டது. வேறு எந்தப் பெயராக இருந்தாலும் ஒருவேளை இது என்ன சத்தம் என்று கேட்டிருப்பாள். கேட்கும் சுபாவமும் அவளுக்குக் கொஞ்சம் குறைவுதான்.

கடிதம் வந்த மறுநாளிலிருந்து ஒரு மணிக்குச் சுத்தியல் நின்றும் அவர் கை உயரவில்லை. அடுத்த கருவி, வால்நட்சத்திரத்தின் தம்பி, முடிந்து மேசையில் இருந்தது. அதைத் துடைத்தார். நேராக இருந்த கம்பிகளை மறுபடி நேராக்கினார். சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்த மனைவி, "பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கலையா?" என்று கேட்டாள்.

"ஜாதகம் சரியில்ல" என்றார்.

"டி.வி. சத்தத்தைத் தெருமுனை வரைக்கும் வைக்கும்போதே எனக்குத் தெரியும், யாரோட ஜாதகம்னு."

"அவங்க மெதுவா செய்தி வாசிக்கறாங்கடி."

அந்த அம்மாள் குழம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து எழுத்தம்மாவே பேச்சை எடுத்தாள். வீட்டிலேயே நாலைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அது. "சார், அவருக்குத்தான் அது ரொம்பப் பிடிச்சிருக்கே. மத்தவங்களும் ஒண்ணும் சொல்லல. அப்படியே விட்டுடலாமே. வாலாவே இருக்கட்டும்."

அவர் நெற்றிக் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "நல்ல மனசும்மா உனக்கு. அவருக்குப் பிடிச்சது சந்தோஷம். ஆனா 'எப்படிச் செஞ்சீங்க'ன்னு கேட்டிருக்காரே. எனக்குக் கேக்காத ஒண்ணை நான்தான் செஞ்சேன்னு எப்படி எழுதுவே? பேரு பெரிசா இருந்தா உள்ள எதை வேணும்னாலும் ஒளிச்சு வைக்கலாம், அது எனக்கும் தெரியும். வாங்கறவன்கிட்ட ஒளிக்கலாம். இங்க என்கிட்டயே ஒளிஞ்சிருக்கு."

பிறகு பதிலைச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பெயரைப் பற்றிய பகுதி முழுதாக இருந்தது, காலி மனைகூட. ஊசியைப் பற்றி இரண்டே வரி: அது நான் வைத்ததல்ல, எனக்கு அது கேட்பதில்லை. பெட்டியை அனுப்பினால் எடுத்துத் தருகிறேன், பிடித்திருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இதே இரண்டு வரியை மற்றப் பத்துப் பேருக்கும் எழுதச் சொன்னார். விளக்கத்தாளில் வால் வரும் வரியை அவளே கோடு போட்டு அடித்தாள்.

மணி ஒன்றாகிக் கீழே சுத்தியல் நின்றது. அவர் பெயரில்லாத கருவியைக் கவிழ்த்து அடித்தகட்டைத் திறந்தார். உள்ளே கடுகளவில் ஒரு திருகு இருந்தது. அண்ணனைப் போலவே இதிலும் கீச்சொலியை ஏற்றுவதும் இறக்குவதும் அதுதான். அதில் திருப்புளி முனையை வைத்தவர், திருப்பாமலே எடுத்தார். பிறகு எழுந்து, ஒலிபெருக்கிக்கு நேரே கிடந்த தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, தான் முக்காலியில் உட்கார்ந்தார்.

"எழுத்தம்மா, பேனாவைக் கீழ வச்சுட்டு இங்க வந்து உக்காரு. நான் திருகறேன், நீ கேளு. ஊசி போனதும் 'போச்சு'ன்னு சொல்லு." குனிந்தபடியே அவர் தொடர்ந்தார். "ஒண்ணே ஒண்ணு. எனக்காகப் பாவப்பட்டு முன்னாடியே சொல்லிடாதே."