பொங்கல் அடுப்புக்குக் கீழே

மாமி கைத்தடியால் முற்றத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "இங்க தோண்டுங்க பாஸ்" என்று கொத்தனாரிடம் சொன்ன அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. அவர் தட்டியது நாங்கள் வருடாவருடம் பொங்கல் வைக்கிற இடம்.

மாமி என் கணவரின் தாய். பொங்கலுக்குப் பொங்கல் வந்துபோனவர், முழங்கால் ஒபரேஷனுக்குப் பிறகு பல்லேபொலையில் எங்களோடு இருந்தார். கழிவறை வெளியே, நான்கு படி இறங்கிப் போகவேண்டும். ஒவ்வொரு முறையும் நான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கதவருகில் நிற்பேன். காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்து, யாரையும் எதற்கும் எதிர்பார்க்காமல் வாழ்ந்த மனுஷி. என் துணையோடு போகக் கூசித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவருடைய அறையை ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டத் தொடங்கினோம்.

சுவர் எழும்பி, டைல்ஸும் பதித்தாயிற்று. மண்ணுக்குள் இருந்த பழைய கழிவுக் குழாய்தான் அகப்படவில்லை. விலைக்கு வாங்கிய வீடு. அது எந்தப் பக்கம் போகிறதென்று சொல்ல ஆளில்லை.

"மேன்ஹோல் மூடி ஒன்னு எங்கயாவது இருக்கணும் மிஸ். அதுல புதுப் பைப்ப சேர்த்துட்டா வேல முடிஞ்சிது. கண்ட எடத்துல ஒடச்சா நாளைக்கே அடைச்சிக்கும்" என்றார் பாஸ். இரண்டு நாள் என் மிளகுக் கொடிகளின் காலடியெல்லாம் கிண்டினார். முற்றத்தின் நடுவை மட்டும் அவரும் தொடவில்லை, நாங்களும் காட்டவில்லை. சாமி காரியம் நடக்கிற இடமல்லவா! மூன்றாம் நாள் அவர் அலுத்துப்போய்ச் சாமான்களைக் கட்டத் தொடங்கியபோதுதான் மாமி தடியோடு எழுந்து வந்தார்.

எட்டு வருடத்துச் சாணி மெழுக்கைச் சுரண்டச் சுரண்டச் சதுரமாக ஒரு சீமெந்து மூடி தெரிந்தது. முதல் பொங்கலுக்கு, சமமான இடம் என்று அதைத் தேர்ந்தெடுத்ததே மாமிதான். எட்டு வருடமாக மேன்ஹோல் மேல் பொங்கி ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறோம்!

"அடுப்புக் கல்லு வைக்கிறப்பல்லாம் டொங்குனு கேக்கும் புள்ள. சாமி எடத்த எப்பிடித் தோண்டச் சொல்றதுன்னு வாய மூடிக்கிட்டிருந்தேன்."

"சூரியன் கோவிச்சுக்க மாட்டாரா மாமி?"

"அவருதான் மேலருந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தாரே. ஒரு வருஷமாச்சும் வேணாம்னாரா?"

பாஸ் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தார்.

இப்போது மாமி இல்லை. பொங்கல் அடுப்பும் வேலியோரத்துக்குப் போய்விட்டது. மூடி அகப்பட்ட அன்று சாயங்காலம் குழாயைச் சேர்த்துத் தண்ணீர் ஓடவிட்டதும், மாமி சுவரைப் பிடித்துப் பிடித்துத் தானாக நடந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். நான் பழக்கதோஷத்தில் கதவடியில் நின்றேன். உள்ளேயிருந்து அதட்டல் வந்தது.

"இன்னும் அங்கதான் நிக்கிறியா? போ புள்ள, போய் ஒன் வேலையப் பாரு!"

அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.