ராமாயி திறந்த கதவு

அண்ணன் மகள் பரீட்சைக்காக ஒரு பழைய நாவலைப் படித்துக்கொண்டிருந்தாள். ஊரார் விலக்கிவைத்த ஒருவனுக்கு யாரோ ஒருத்தி இரங்குகிற கதையாம். படித்து முடித்துவிட்டு, “அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான் போல, அத்தை” என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் காலமாம்! நான் கொழுந்து பறித்த காலம்தானே அது.

மழையில் நனைந்த விறகு புகைகிற வாசனை வந்தாலே எனக்கு இலங்கையில் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயம்தான் நினைவுக்கு வரும். ஒரே கூரை, வரிசையாகக் காம்பராக்கள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். அந்த நெருக்கத்திலும் ஒரு குடும்பத்தைத் தனியாக்க எங்களுக்குத் தெரிந்திருந்தது.

சின்னையா செய்தது தப்புத்தான். நாங்கள் எல்லோரும் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது, அவர் தேயிலை காய்ச்சுகிற ஸ்டோருக்கு விறகு பிளக்கப் போனார். மனைவி லெட்சுமி கர்ப்பிணி. பட்டினியில் மயங்கி விழுந்திருந்தாள். அவரைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள், வேலைநிறுத்தம் உடைந்தது. முன்னால் நின்று கோஷம் போட்ட ராமாயியின் புருஷனைத் தோட்டத்துத் துரை வேலையிலிருந்து நிறுத்தினார். வேலை போனவர் மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போனார்.

பின்னால் போனவர்களையெல்லாம் மன்னித்த லயம், சின்னையாவை மட்டும் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொட்டும் பீலியில் லெட்சுமி குடத்தை வைத்தால் காலால் தள்ளுவார்கள். அதே மாதம் சங்கத் தலைவர் பங்களாவில் துரையோடு உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்தார். அதைக் கேட்க ஒரு வாய் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டுகிற மழையில் லெட்சுமிக்கு வலி கண்டது. பாலத்துக்கு மேலே வெள்ளம், மருத்துவச்சி வர வழியில்லை. சின்னையா கதவு கதவாகத் தட்டினார். தலைவரின் மனைவி ஜன்னல் வழியாகச் சொன்னாள்: “தொரைக்குத்தானே வெறகு பொளந்த? தொரையப் போய்க் கூப்புடு.”

அப்போதுதான் ராமாயி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நான் அவளுக்கு அடுத்த காம்பராக்காரி என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டாள். தலைவர் வழிமறித்தார்.

“ஒம் புருசன் வேல போனது இவனாலதான். மறந்துட்டியா?”

“மறக்கலீங்க. அவன் மூஞ்சியில முழிக்கக்கூட எனக்குப் புடிக்கல. ஆனா கோவப்பட வேண்டியவ நானு. எனக்கே இல்லாத வீம்பு ஒங்களுக்கு எதுக்குங்க?”

உள்ளே நான் செய்த உதவி, வெந்நீரை என் காலிலேயே கொட்டிக்கொண்டு அலறியதுதான். வலியில் கிடந்த லெட்சுமியே, “அந்தப் புள்ளயப் பாருங்கக்கா” என்றாள். பெண் குழந்தை பிறந்தது. சின்னையா காலில் விழப் போனார். “எந்திரி. ஒனக்காக வரல” என்று சொல்லிவிட்டு ராமாயி வெளியே போய் மழையில் கை கழுவினாள்.

மறுநாளிலிருந்து பீலியில் அவள் குடத்தையும் தள்ளினார்கள். அவள் திரும்ப எடுத்து வைத்தாள். தள்ளினார்கள். வைத்தாள். கடைசியில் தள்ளியவர்களுக்குத்தான் அலுத்தது.

பிறகு இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் கடிதாசி வந்தது. யார் இங்கே, யார் அங்கே என்று இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. சின்னையாவுக்கும் தலைவருக்கும் ஒரே நாளில் பயணம். நான் வழியனுப்பப் போனபோது, ரயில் பெட்டியில் லெட்சுமியின் குழந்தையைத் தலைவரின் மனைவி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. ஒரு குழந்தையைத் தூக்க, நாட்டைவிட்டே துரத்தப்படும்வரை காத்திருக்க வேண்டுமா?

மொனராகலைக்குப் போன ராமாயியின் புருஷன் திரும்பவேயில்லை. அவள் தனியாகவே கிடந்து செத்தாள். அந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் எங்கோ லெட்சுமி பெற்ற அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரப்பிள்ளைகள்கூட இருக்கலாம். தன்னை இந்த உலகத்துக்குள் வாங்கிய கை யாருடையது என்று அவளுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா?