மாரியாத்தா கிட்ட கேட்ட மான் வண்டி

பட்டாபிராம்ல எங்க தெருக்கோடியில ஒரு கிறிஸ்மஸ் பார்க் இருந்துச்சு. தொண்ணூறுகள் முடியறதுக்குள்ள அதை மூடி ஊடுங்க கட்டிட்டாங்க. ஆனா இன்னிக்கும் யாராவது "அடடா, இன்னா மாதிரி இருந்துச்சு!"ன்னு ஆரம்பிச்சா எனக்கு வயித்தெரிச்சல்தான். ஏன்னா அதை நடத்துனது என் கிளாஸ்ல படிச்சவ குடும்பம்.

மொதல்ல அது பார்க்கெல்லாம் இல்ல. அவ அப்பா ஃபாக்டரியில ஃபிட்டர், கை சும்மா இருக்காது. ஒரு வருஷம் வாசல்ல கிறிஸ்மஸ் குடில் கட்டினார். மறு வருஷம் கையால சுத்துற ராட்டினம். அப்புறம் பக்கத்து மனையையும் வாங்கி வேலி போட்டு, சவுக்கு மரத்துல இலவம்பஞ்சை ஒட்டிப் பனின்னாங்க. அவ சித்தப்பா சிவப்பு அங்கி மாட்டிக்கினு வேர்த்து ஊத்த ஊத்த மிட்டாய் குடுப்பார். அம்மா டிக்கெட் கிழிப்பாங்க. டிசம்பர் பொறந்தா அண்ணனூர், வேப்பம்பட்டுலேர்ந்தெல்லாம் ரயிலேறி ஜனம் வந்துரும்.

அதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். அந்த மான் வண்டியைத்தான் என்னால தாங்க முடியல. தகரத்துல செஞ்ச ரெண்டு மான், பின்னால ஒரு வண்டி, கீழ தண்டவாளம். அதுல ரெக்கை கட்டிக்கினு சம்மனசா, அதான் தேவதூதரா, ஒக்காந்து எல்லாருக்கும் கையாட்டிக்கினே போவா அவ. வருஷா வருஷம் அவளேதான். எனக்கு ஓசியில ராட்டினம் உண்டு, கேக் உண்டு, அந்த சீட் மட்டும் கெடையாது. நானும் வாய் விட்டுக் கேக்க மாட்டேன். ரோஷம்!

எட்டாவது படிக்கிறப்ப, கார்த்திகை மாசம், தெருமுனை மாரியாத்தா முன்னால போய் நின்னேன். "பெருசா ஒண்ணும் வேணாம்மா. பத்து நாள் அவ காய்ச்சல்ல படுத்துக்கினா போதும். வேற ஆள் இல்லாம என்னைக் கூப்புடுவாங்க."

மாரியாத்தா கிட்டப் போய்க் கேட்டா வேற இன்னா வரும்? டிசம்பர் மொத வாரமே அவளுக்கு அம்மை போட்டிருச்சு. வேதக்காரங்க, அதான் கிறிஸ்தவங்க ஊடுதான், ஆனாலும் எங்க தெருவுல அம்மைன்னா எல்லாருக்கும் ஒரே சட்டம். பார்க் கேட்டுல காகித நட்சத்திரத்துக்குப் பக்கத்துலயே வேப்பிலைக் கொத்தைச் சொருகிட்டாங்க. அதைத் தாண்டி எவன் உள்ள வருவான்? அவளுக்கு அப்புறம் தம்பி, தம்பிக்கு அப்புறம் சித்தப்பா. அந்த வருஷம் பார்க்கையே தொறக்கல. எனக்குச் சோறு எறங்கல.

அம்மை எறங்கி எல்லாருக்கும் தண்ணி ஊத்தின பிறகு, பொங்கலுக்கு முன்னால ஒரு நாள் அவ என்னைக் கூப்புட்டு அனுப்பினா. மூஞ்சியெல்லாம் தழும்பு. பீரோவுலேர்ந்து ஒரு வெள்ளை கவுனை எடுத்து என் தோள்ல வெச்சுப் பார்த்தா. எனக்குன்னே தெச்ச மாதிரி இருந்துச்சு.

"உனக்குத்தான்டி. இந்த வருஷம் உன்னைத்தான் சம்மனசா ஒக்கார வெக்கணும்னு அப்பா கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். அம்மா நவம்பர்லயே தெச்சிட்டாங்க. நான் படுத்து எல்லாத்தையும் கெடுத்துட்டேன், கோச்சுக்காதடி."

ஐயோன்னு ஆயிருச்சு எனக்கு. அப்பவே காலைப் புடிச்சு உண்மையைச் சொல்லியிருக்கணும். சொல்லலியே! அந்தத் தழும்பு மூஞ்சியைப் பார்த்துக்கினு நின்னப்பவும், இவ்ளோ லேசா எடுத்துக் குடுக்க இவளால மட்டும் எப்படி முடியுதுன்னு பொறாமையாத்தான் இருந்துச்சு.