சோஃப்கா அக்காவின் கூரையும் இரண்டு நாட்டுப் பத்திரங்களும்

இத்தாலியில் சாமான் வாங்கித் திரும்பும்போது, எல்லைச் சாவடியில் சுங்கக்காரர் என் பைக்குள் கையை விட்டு, அளவுக்கு மேல் நான் வாங்கியிருந்த இரண்டு காப்பித்தூள் பொட்டலங்களைத் தூக்கிக் காட்டினார். பின்னால் நின்ற சோஃப்கா அக்கா, "அது என்னுது. இவ பையில நாந்தான் போட்டேன்" என்றாள். அபராதச் சீட்டில் தன் பெயரை எழுதிவிட்டு நடந்தாள். அதைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை. ஞாயிறு பூசையில் நான் அவள் பேருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றி வந்தேன்.

எல்லைக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊர் நோவா கோரிட்சாவில், சோபா தைக்கும் தொழிற்சாலையில் எங்கள் இருவருக்கும் வேலை. அவள் தங்கை மரீட்சா கல்யாணமாகி இத்தாலிக்குப் போனாள். போனாள் என்றால், சைக்கிளில் பத்து நிமிஷம். அங்கே வங்கியில் அரசாங்கக் கடன் பத்திரம் கிடைக்கும். ரொட்டி வாங்குவதுபோல எல்லாரும் வாங்கினார்கள். வந்த வட்டியில் மரீட்சா வீட்டுக் கூரையை மாற்றினாள். எங்கள் பக்கம் அப்படி வாங்க எதுவும் கிடையாது. அக்காவின் கூரை வீடெல்லாம் ஒழுகியது, கட்டிலுக்கு மேலே கொஞ்சம் அதிகமாக. அதை மாற்ற வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பழைய கம்யூனிஸ்ட் நாடு உடைந்த பிறகு, தொண்ணூற்று மூன்றில் எங்கள் புது அரசாங்கம் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தது. அதைக் கொடுத்துத் தொழிற்சாலையில் பங்கு வாங்கலாம் என்றார்கள். கூட்டத்தில் அக்கா எழுந்தாள்.

"தொழிற்சாலை நம்ம எல்லாருக்கும் சொந்தம்னு இத்தன வருசமா சொன்னீங்களே. நம்மளுத நாமளே எதுக்கு வாங்கணும்?"

மேலாளர் தண்ணீர் குடித்தார். "அது வேற மாதிரி சொந்தம், தோழர்" என்றவர், உடனே திருத்திக்கொண்டு "அம்மா" என்றார்.

முதலீட்டு நிதிக்காரர்கள் மாதா கோயில் வாசலில் குடை கொடுத்து ஆள் பிடித்தார்கள். நான் குடையை வாங்கிக்கொண்டு சான்றிதழைக் கொடுத்தேன். அக்கா தொழிற்சாலையிலேயே போட்டாள். "என் ஊசி அங்கதானே இருக்கு" என்றாள்.

பத்து வருஷத்தில் தொழிற்சாலையை மூடினார்கள். பங்குக் காகிதத்தை வாங்க ஆளில்லை. என் நிதியும் கரைந்தது.

"நீ முதலாளி, நான் வெறும் சமையக்காரி. யார் வீடு ஒழுகுது பாத்தியா அக்கா?" என்றாள் மரீட்சா.

"மழையப் பாக்க நீ வெளிய போகணும். முதலாளிக்கு அது வீடு தேடி வரும்டி."

பிறகு எல்லைச் சாவடியை எடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே பணம் வந்தது. பல வருஷமாக அக்கா பென்ஷனில் மிச்சம் பிடித்தது பாதிக் கூரைக்குத்தான் காணும். மீதி வட்டியில் வரட்டும் என்று தங்கையின் வங்கிக்கே போய் வரிசையில் நின்றாள். நான் துணைக்குப் போனேன்.

"இப்ப வட்டி கிடையாதும்மா. போட்டதுல கொஞ்சம் குறைஞ்சுதான் திரும்பி வரும்" என்றான் குமாஸ்தா.

"அத்தன வருசம் உள்ள விடல. இப்ப விட்டுட்டு, எங்கிட்டயே காசு கேக்கிறியா தம்பி?"

"சந்தை அப்படிம்மா."

பணத்தோடு திரும்பி வந்து, கட்டில் இருந்த பாதிக்கு ஓடு போட்டாள். அடுத்த மாதம் மரீட்சாவின் பத்திரம் முதிர்ந்தது. பணத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "இதுக்கும் இனிமே வட்டி இல்ல. உன் தலைமேலயாவது கெடக்கட்டும்." அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுபாதியும் முடிந்தது.

நான் மகனோடு நாட்டின் மறுகோடியில் இருக்கும் மரிபோருக்குக் குடிபோகிற அன்று சொல்லிக்கொள்ளப் போனேன். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கக் கர்த்தர் வழி விடவில்லை. வெளியே நல்ல மழை. கதவைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னாள்:

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. மழ விட்டதும் போ. வா, உள்ள எங்க வேணா உக்காரு."