பாக்கராப்பேட்டை இறக்கத்தில் ஒரு ஜீப்

தொண்ணூறுகளின் கடைசியில், திருப்பதியில் ஜீப் விற்கும் ஒரு டீலரிடம் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயத்தில் நடந்தது இது. எங்களுடையது நகரிப் பக்கம் ஆந்திர எல்லையோரக் கிராமம். சொந்த நிலம் கிடையாது. எங்கள் தெரு ஆண்கள் ஒவ்வொருவராகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கம்பெனி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். பெண்களில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். தமிழோடு தெலுங்கும் எழுதத் தெரியும், டைப்பிங் பாஸ் செய்திருந்தேன் என்பதால் சர்வீஸ் பிரிவில் ஒரு மேசை கொடுத்தார்கள்.

வண்டிக்காரர்கள் வந்து சொல்லும் குறைகளைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மெக்கானிக் பார்த்த பிறகு என்ன செய்தார்கள் என்பதை எதிரில் எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ரோட்டில் பளபளவென்று புதுக் கார்கள் வரத் தொடங்கியிருந்தாலும், மலையும் காடுமான எங்கள் ஜில்லாவில் பழைய பாணி ஜீப்புக்கு மவுசு குறையவில்லை. ஸ்டீயரிங் ஆடுகிறது, மழை பெய்தால் காலடியில் தண்ணீர் நிற்கிறது, பிரேக் பெடல் கீழே இறங்குகிறது என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். பல குறைகளுக்கு எதிரே, சூப்பர்வைசர் சொன்னபடி, ‘சோதித்ததில் குறை இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது ஒன்றும் தோன்றியதில்லை.

ஒருநாள் கம்பெனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. குறிப்பிட்ட சில ஜீப்புகளில் முன்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் ஓர் இரும்புப் பட்டையில் உரசுகிறதாம். நாளாக ஆகத் தேய்ந்து ஓட்டை விழலாமாம். வண்டிகளை வரவழைத்து, இலவசமாகக் குழாயை மாற்றிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். வண்டிக்கு வண்டி மாறும் சேஸிஸ் நம்பரைப் பார்த்துப் பார்த்து நான்தான் எல்லோருக்கும் கடிதம் அடித்தேன். அநேகம் பேர் வந்து மாற்றிக்கொண்டு போனார்கள். சில கடிதங்கள் திரும்பி வந்தன. அதில் ஒன்று பீலேர் முகவரி. வண்டியை விற்றுவிட்டு ஆள் குவைத்துக்குப் போய்விட்டார் என்று தபால்காரர் உறைமேல் தெலுங்கில் எழுதியிருந்தார். சூப்பர்வைசரிடம் காட்டினேன்.

“ஃபைல்ல போடும்மா. அனுப்புனதுக்கு அத்தாட்சி இருக்குதுல்ல,” என்றார்.

நானும் போட்டேன்.

நான்கு மாதம் கழித்து, பிரசவம் முடிந்து பீலேரில் மாமியார் வீட்டில் இருந்த அக்காவை எங்கள் ஊருக்கு அழைத்து வரப் போனேன். ஐந்து மாதக் கைக்குழந்தை. சித்திரை வெயில். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லாததால் திருப்பதி போகிற ஷேர் ஜீப்பில் ஏறினோம். பின்னால் பெண்களுக்கு நடுவே அக்கா குழந்தையோடு உட்கார்ந்தாள். எனக்கு முன் சீட்டில், டிரைவருக்கும் ஒரு பெரியவருக்கும் இடையில் இடம் கிடைத்தது. தொங்கிக்கொண்டு வந்தவர்களையும் சேர்த்தால் பதினாறு பேர் இருப்போம். டிரைவருக்கு முப்பது வயதிருக்கும். புத்தூர்க்காரர், தமிழ் ஆள். வண்டி அவருடையதுதானாம்.

பாக்கராப்பேட்டை தாண்டியதும் மலை இறக்கம் ஆரம்பித்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வளைவில் சாய்ந்தபோது விழாமலிருக்க முன்னால் கையை ஊன்றினேன். உள்ளங்கையில் ஏதோ குத்தியது. கையை எடுத்துப் பார்த்தால், டாஷ்போர்டில் அடித்திருந்த சின்னத் தகடு. அதில் சேஸிஸ் நம்பர். தொழில் பழக்கம், கண் தானாகப் படித்தது. கடைசி நான்கு எண்கள் நாலு, ஏழு, ஏழு, ஒன்று.

பீலேர்க் கடிதத்தை அடிக்கும்போது அந்த எண்ணைத்தான் இரண்டு முறை தப்பாக அடித்துத் தாளைக் கிழித்துப் போட்டிருந்தேன். மறக்குமா?

வேறு வண்டியாக இருக்கும், எனக்குத்தான் நினைவு பிசகுகிறது என்று சொல்லிக்கொண்டேன். மறுபடி படித்தேன். அதே எண்தான். டிரைவரின் வலது காலைப் பார்த்தேன். எதிரே ஒரு லாரி வந்தபோது அவர் பிரேக் பெடலை ஒரு தரத்தோடு விடவில்லை. மூன்று தரம் அடித்து அடித்து அழுத்தினார். அப்புறம்தான் வண்டி அடங்கியது.

வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் உடனே சொல்லவில்லை. இரண்டு வளைவு வரைக்கும் பேசாமல் இருந்தேன். சொன்னால் இத்தனை பேர் முன்னால் ‘தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய்’ என்பார்கள், விஷயம் ஆபீசுக்குப் போகும், வேலை போய்விடும் என்றெல்லாம் ஓடியது. இன்னொரு பயமும் இருந்தது. பிரேக் என்ற சொல்லைக் கேட்டதும் இவர் சோதித்துப் பார்க்க ஓங்கி மிதித்தால், தேய்ந்த குழாய் அந்த நிமிஷமே வெடித்துவிட்டால்? பின்னால் குழந்தை அழ ஆரம்பித்தது. அக்கா ஏதோ சொல்லி அதைச் சமாதானப்படுத்தும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

டிரைவர் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னேன். “அண்ணா, நான் சொல்றதைக் கேட்டுக்கினு ரோட்டைப் பாருங்க. பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. கியரைக் குறைச்சு, மலைப் பக்கமா ஓரம் கட்டுங்க.”

அவர் சிரித்தார். “இன்னாமா, எனுக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியா?”

“இந்த வண்டியை மொதல்ல வாங்கினவரு பீலேர்க்காரரு. இப்ப குவைத்ல இருக்காரு. சரியா? நான் வண்டி வித்த கம்பெனியிலதான் வேலை செய்யறேன். பிரேக் பைப்புல கோளாறுன்னு லெட்டர் போட்டோம். ஆள் இல்லன்னு திரும்பி வந்துருச்சு, உங்களுக்கு வந்து சேரல.”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “காத்தாலயிருந்து பிடி கம்மியாத்தான் கீது,” என்று முணுமுணுத்தார். கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தார். எஞ்சின் அலறியது. பின்னாலிருந்து ஒரு பெண் “ஏமய்ந்தி, ஏமய்ந்தி?” என்று, என்ன ஆச்சென்று தெலுங்கில் கேட்டாள். அடுத்த வளைவுக்கு முன்னால் அவர் பெடலைத் தொட்டார். தொட்டதுதான் தெரியும், அது தரை வரைக்கும் போய்விட்டது. மறுபடி அடித்தார். ஒன்றுமில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. பள்ளத்தின் விளிம்பில் வைத்திருந்த வெள்ளைக் கற்கள் கிட்டே கிட்டே வந்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு துல்லியமாக எதையும் பார்த்ததில்லை. ஒரு கல்லில் சுண்ணாம்பு உரிந்திருந்தது கூட நினைவிருக்கிறது.

அவர் ஸ்டீயரிங்கை முழு பலத்தோடு மலைப் பக்கம் ஒடித்தார். ஜீப் மண்சரிவில் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போனது. தொங்கி வந்த ஆட்கள் முன்பே குதித்துவிட்டார்கள். தகரம் கிழியும் சத்தம், பின்னால் அலறல், ஒரே புழுதி. பிறகு வண்டி நின்றது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அக்காவின் நெற்றியில் ரத்தம். குழந்தைக்கு ஒரு கீறல் கூட இல்லை. அதைத் தன் வயிற்றோடு மடித்துப் பிடித்துக்கொண்டு, தலையை இரும்புக் கம்பியில் கொடுத்திருக்கிறாள். குதித்ததில் ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. மற்றபடி எல்லோரும் பிழைத்தோம்.

டிரைவர் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அடியில் படுத்துப் பார்த்தார். வெளியே வந்தபோது கையெல்லாம் பிரேக் எண்ணெய். கடிதத்தில் நான் அடித்திருந்த அதே இடத்தில்தான் குழாய் விட்டுப்போயிருந்தது. முன் சீட்டுப் பெரியவர் சொல்லிக் கேட்டு, பயணிகளில் இரண்டு மூன்று பேர் என்னைக் கும்பிட்டு, உன்னால்தான் பிழைத்தோம் என்றார்கள். டிரைவர் கும்பிடவில்லை. கையை மண்ணில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“லெட்டர் எப்ப திரும்பி வந்துச்சு?”

“நாலு மாசம் ஆச்சுண்ணா.”

கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “நாலு மாசமா தெனம் ஏறி எறங்கிக்கினு கீறேன்மா. போன வாரம் எம்பொண்டாட்டி புள்ளைங்கள இதுலதான் கூட்டிக்கினு வந்தேன்,” என்றார். உடைந்த விளக்கைப் பொறுக்கப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சந்திரகிரி வரைக்கும் ஒரு லாரியில் வந்தோம். வழியெல்லாம் அவள் என்னிடம் பேசவில்லை.

மறுநாள் ஆபீசில் சொன்னபோது சூப்பர்வைசர், நம்மேல் தப்பில்லை, அத்தாட்சி இருக்கிறது என்றார். நான் பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். குவைத் போனவர், போவதற்கு முன் இரண்டு முறை வந்து பெடல் இறங்குகிறது என்று சொல்லியிருக்கிறார். எதிரே ‘சோதித்ததில் குறை இல்லை’ என்று என் கையெழுத்து, குண்டு குண்டாக, அழகாக இருந்தது.

ஃபைலில் திரும்பி வந்த கடிதங்கள் இன்னும் இரண்டு இருந்தன. லீவு போட்டுவிட்டு சித்தூர் வண்டிப் பதிவு ஆபீசுக்குப் போய், யார் பெயருக்கு மாறியிருக்கிறது என்று கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். ஒரு வண்டி பாகாலாவில் கிடைத்தது. அந்த வண்டிக்காரரைக் கையோடு அழைத்து வந்து குழாயை மாற்ற வைத்தேன். இன்னொன்று கர்நாடகாவுக்கு விற்றுப்போய், அங்கிருந்து எங்கேயோ கைமாறிவிட்டது. மூன்று பேருக்கு எழுதிக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

டிரைவருக்கு டீலர் செலவிலேயே வண்டியைச் சரிசெய்து கொடுத்தார்கள். அவர் வண்டி எடுக்க வந்த அன்று நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா சில மாதத்தில் பழையபடி பேச ஆரம்பித்தாள். அந்தக் குழந்தை இன்று பெங்களூரில் வேலை பார்க்கிறாள்.

கண்டுபிடிக்க முடியாமல் போன அந்த ஜீப் இந்நேரம் காயலான் கடைக்குப் போயிருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனாலும் மலை ரோட்டில் ஆள் நிறைந்த பழைய ஜீப் எதையாவது பார்த்தால், நான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை அதில் உட்கார்ந்து போகிறது என்றே இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.