புகைபோக்கி நின்ற தெரு

அம்மா வீட்டுக் கதவைத் திறந்ததுமே ஹீட்டரில் காயும் ஈரத்துணியின் புழுங்கல் மணம். ஜெர்மனியின் டோர்ட்மண்டில் அம்மா இன்னும் அதே தெருவில், அதே மாடியில்தான் இருக்கிறார். தெருமுனையில் நின்ற உருக்காலைதான் இல்லை.

என் சின்ன வயதில் அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும், கீழ்வீட்டு ஜெர்மன்காரி உட்பட, துணிக்கூடையை இடுப்பில் வைத்தபடி முதலில் அண்ணாந்து ஆலையின் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கொடிக்குப் போவார்கள். எங்கள் பக்கம் சாய்ந்தால் வெள்ளைச் சட்டையிலெல்லாம் கரிப்புள்ளி விழும். "இண்டைக்கு ஏலாது பிள்ளை, உள்ளுக்குப் போடுவம்" என்று, துப்புரவு வேலை முடித்து வந்த அலுப்போடு அம்மா கூடையைத் திரும்பத் தூக்குவார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆலையை மூடி, துண்டு துண்டாக வெட்டிக் கப்பலேற்றினார்கள். நான் பள்ளிக்கூடத்தால் வந்த ஒரு மத்தியானம் புகைபோக்கியும் விழுந்து கிடந்தது. பிறகு அந்த நிலத்தைத் தோண்டித் தண்ணீர் விட்டு ஏரியாக்கினார்கள். இப்போது அதில் படகு விடுகிறார்கள். நல்லதுதான்.

"வெளியில நல்ல வெயில் அம்மா, இப்ப கரியும் இல்லை. பல்கனியில போடுங்கோவன்" என்றேன்.

அம்மா ஏரிக்கு மேலே இருந்த வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"காத்து எந்தப் பக்கமெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"