மேடையில் ஒரு நாற்காலி

திருப்பதியில் நான் வேலை பார்த்த துணிக்கடையில், விற்கும் பெண்கள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மேனேஜர் ஓடி வருவார். புடவைப் பிரிவில் என்னைவிட மூத்தவர் ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, வீங்கிய கணுக்கால். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, தினமும் ஒரு புடவையை அகல விரித்துக் கேமராவை மறைத்து நிற்பார். அதன் பின்னால் நான் தரையில் இரண்டு நிமிடம் உட்காருவேன்.

மகளிர் தினத்தன்று கடையில் நடந்த விழாவில் முதலாளி அவருக்குச் சால்வை போர்த்தி, மேடை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"சார், இந்தப் பொண்ணு மாசமா கீது. காலையிலர்ந்து நின்னுக்கினே கீது. அத உக்கார வைங்க" என்று கீழே நின்றிருந்த என்னைக் காட்டினார்.

கைதட்டல் நின்றுபோனது. வேலை போச்சு என்றே நினைத்தேன். முதலாளி என்னையே பார்த்தார். பிறகு தெலுங்கில், "கூர்ச்சோம்மா" என்றார். மேடையேறி அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மறுநாள் ஒவ்வொரு பிரிவுக்கும் ஸ்டூல் வந்தது. எல்லோரும் உட்கார்ந்தோம். அவர் மட்டும் நின்றார்.

"நீங்களும் உக்காருங்கக்கா" என்றேன்.

அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார்.

"பயமா கீதும்மா" என்றார்.